கழுவின காலைக் கழுவுகிறவர்கள்

1

அப்பாவை விமானம் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவர் வீட்டில் இருக்கும்போது எழுதியிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். இப்போது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

நான் இருப்பது அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. கணவர் முருகேசன் இங்கே பஸ் ஓட்டுகிறார். மகள் அனுவுக்குப் பதினாறு வயது. அவளுக்குக் கடவுள் மேல் நம்பிக்கை கிடையாது, எங்கள் மேல் அதைவிடக் குறைவு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பிறந்த ஊர் திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகும் பக்கம். பாதிக்கு மேல் கத்தோலிக்கர்கள். அப்பா அருளப்பன் அங்கே கோவில் நாட்டாண்மை. எங்கள் பக்கம் மாதா கோவிலையும் கோவில் என்றுதான் சொல்வோம். திருவிழாவில் கொடி ஏறியதும் மைக்கைப் பிடித்து அப்பா பேசுவார். "வெளியாளுன்னு யாரும் நம்ம ஆண்டவருக்குக் கெடையாது. இந்து, முஸ்லிம்னு பாக்காம அம்புட்டுப் பேரையும் அணைச்சுக்கிற மதம்யா நம்மது." கைதட்டல் கிளம்பும்.

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். நேர்ந்துகொண்ட ஆட்டை இந்துக்களும் ஓட்டி வருவார்கள். அம்புட்டையும் ஒரே அண்டாவில் போட்டுச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவோம். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. கை நனைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற தைரியம்தான். அதே நாள் சாயங்காலம் அந்தோணியார் சப்பரத்தில் ஏறி ஊர்வலம் கிளம்புவார். ஊரில் நான்கு தெரு. சப்பரம் மூன்று தெருவுக்குப் போகும். நான்காவது தெருவிலும் கிறிஸ்தவர்கள்தான் இருக்கிறார்கள், அவர்களும் கோவில் வரி கட்டுகிறார்கள், அவர்களும் முழங்காலில் நின்று அதே ஜெபத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தெரு முனையில் சப்பரத்துக்கு என்னவோ கழுத்து சுளுக்கிக்கொள்ளும். திரும்பாது. கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். கட்டில் பீரோ ஏற்றிய டெம்போ போகிற தெரு அது.

2

முருகேசன் தாடிக்கொம்புப் பக்கம், பூ விவசாயக் குடும்பம். மல்லிகையும் கனகாம்பரமும் போடுவார்கள். நான் நர்ஸிங் படித்தபோது இவர் மினி பஸ் ஓட்டினார். எங்கள் கதை அந்த பஸ்ஸின் முன் சீட்டில் ஆரம்பித்தது. அதை விவரிக்க இது இடமில்லை, அனு படித்துத் தொலைப்பாள்.

பங்குச் சாமியார் நல்லவர். இந்துப் பையனைக் கட்டிக்கொள்ளத் திருச்சபையிலேயே வழி இருக்கிறது, ஆயரிடம் அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். ஆனால் எங்கள் ஊரில் ஆயருக்கு மேலே நாட்டாண்மை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எங்கள் ஓலையை வாசிக்கவே விடவில்லை. தடை சொல்ல வேண்டியவரே ஓலையைத் தடுத்துவிட்டால் சாமியார் என்ன செய்வார்? "பெரியவரு மனசு எளகட்டும்மா" என்றார். இளகவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு வந்தது மினி பஸ் கண்டக்டர்.

அனு பிறந்த பிறகு அம்மா அழுது அழுது என்னை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். என்னையும் பிள்ளையையும் மட்டும். அதிலிருந்து இதுதான் நடைமுறை. ஊருக்குப் போவோம். திண்டுக்கல் நாகல் நகரில் ஆட்டோ பிடிப்போம். அப்பா வீட்டு வாசலில் நானும் மகளும் இறங்குவோம், பெட்டியை முருகேசன் இறக்கிவைப்பார். படியேறமாட்டார். ஏறச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். அதே ஆட்டோவில் தாடிக்கொம்புக்குத் திரும்பிவிடுவார். அம்மா செத்தபோது மட்டும் அவருக்குப் பந்தலில் நாற்காலி போட்டார்கள். அதற்கும் கூட்டம் அதிகம் என்ற காரணம் இருந்தது.

எல்லாரையும் அணைத்துக்கொள்கிற மதம். சொந்த மருமகன் என்றால் கை மடங்கிக்கொள்ளும்.

3

அம்மா போன பிறகு அப்பாவுக்கு வெளிநாடு பார்க்கும் ஆசை வந்தது. அண்ணன் சேவியருக்கு அவரைக் கொஞ்ச நாள் வேறு யார் தலையிலாவது கட்டும் ஆசை வந்தது. இரண்டு ஆசையும் சேர்ந்து என் வாட்ஸ்அப்புக்கு வந்தன.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். வீடு முருகேசன் பெயரில் இருக்கிறது. அவர்தான் அழைக்க வேண்டும், அவர்தான் சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம். அதில் 'சன் இன் லா' என்று சேவியர் தட்டினான், அப்பா கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் மருமகனாக்கினால் குடும்ப கௌரவத்துக்குச் சேதம் இல்லை போலிருக்கிறது.

விமான நிலையத்தில் எங்களைப் பார்த்ததும் அனுவைக் கட்டிக்கொண்டார், என் தலையில் சிலுவை போட்டார். பக்கத்தில் நின்று "வாங்க மாமா" என்றவரைத் தாண்டி என்னிடம், "ஏத்தா, பெட்டிய எடுக்கச் சொல்லு" என்றார். யாரை என்று சொல்லவில்லை. அங்கே இருந்தது ஒருவர்தான்.

இரண்டு மாதம் இதே பாடுதான். முருகேசன் காசில் வாங்கிய மெத்தையில் தூங்கி, முருகேசன் பற்றவைத்த ஹீட்டரில் குளிர் காய்ந்து, முருகேசன் தேடிப் பிடித்து வாங்கி வந்த ஆட்டுக்கறியைத் தின்று, பேச்சு மட்டும் என் வழியாகப் போகும். "ஏத்தா, வண்டிய எப்ப எடுக்குறாகளாம்?" "ஏத்தா, வெஞ்சனத்துல உப்புக் கூட இருக்குன்னு சொல்லு." சமைத்தவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நானும் சளைக்காமல், "ஏங்க, உப்புக் கூடவாம்" என்பேன். "சரி, நாளைக்குக் குறைக்கிறேன்னு சொல்லு" என்பார் அவர். பார்த்துக்கொண்டிருந்த அனு ஒருநாள், நீங்கள் மூன்று பேரும் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிள்ளை வளர்ப்பில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அந்தக் கேள்வி.

4

இங்குள்ள கோவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் கட்டடம், ஐந்நூறு பேர் உட்காரலாம். உட்காருவது முப்பது பேர், அதில் பாதிப் பேரை நான் இல்லத்தில் குளிப்பாட்டியிருக்கிறேன். ஃபாதர் கெவினுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. பூசை நாளில்கூட ரப்பர் பூட்ஸோடு வருவார். முருகேசன் ஞாயிறுதோறும் எங்களைக் கூட்டி வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நாற்காலி இழுத்துப் போடுவது, ஹீட்டர் நின்றால் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவர்தான். வீட்டுச் சமையலறையில் பழனி முருகன் காலண்டர் தொங்குகிறது. அது ஃபாதருக்கும் தெரியும். வீடு மந்திரிக்க வந்தபோது அந்த காலண்டருக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் நம்மைவிட மேல் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆள் இல்லாத கோவிலில் யார் வந்தாலும் சந்தோஷம்தான். இவர்கள் பெருந்தன்மையில் முக்கால்வாசி காலி பெஞ்சுகளின் புண்ணியம். முன் வரிசையில் மாரீன் என்று ஒரு அம்மாள் உட்காருவாள். ஊருக்கு வெளியே அகதிகளுக்கு விடுதி வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று அட்டை பிடித்து மழையில் நின்றவள். என்னைப் பார்த்தால், "உங்களைச் சொல்லவில்லை டியர்" என்பாள். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது.

5

பெரிய வியாழன் வந்தது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்றைய பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு நடக்கும் அடிபிடியை ஊராட்சித் தேர்தலில்கூடப் பார்க்க முடியாது. மூன்று தெருப் பெரிய குடும்பங்களுக்குள்ளேயே நாற்காலி சுற்றும். அப்பாவுக்கு நடு நாற்காலி நிரந்தரம். அன்று மத்தியானமே கிணற்றடியில் உட்கார்ந்து பீர்க்கங்கூடு போட்டு, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பித்தவெடிப்பில் எண்ணெய் தடவிக் காலைத் தயார் பண்ணுவார். பன்னிரண்டு பேரும் அப்படித்தான். சாமியார் முன்னால் அழுக்குக் காலை நீட்டினால் கேவலம் இல்லையா? ஆக அவர்கள் கழுவிய காலை அவர் ஒருதரம் கழுவுவார். இத்தனை வருஷத்தில் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் கலங்கி நான் பார்த்ததில்லை.

இங்கேயும் அப்பா மத்தியானமே குளியலறைக்குள் போய்விட்டார். ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடியது. பட்டு வேட்டி கட்டி, மேலே என் பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, காலுறை இல்லாமல் வெறும் செருப்போடு குளிரில் இறங்கினார். யாரும் கூப்பிடாமலே பீடத்துக்கு முன்னால் அரைவட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் நடுநாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்த ஊரில் அதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

ஃபாதர் கெவின், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார். வந்தவர்கள் எட்டு பேர். அப்பாவுக்கு வலப்பக்கம் மாரீன். இடப்பக்கம் காலி. ஃபாதர் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டினார். முருகேசன் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ் டூட்டி முடிந்து நேரே வந்திருந்தார். காலுறையைக் கழற்றச் சங்கடப்பட்டது எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்க பூட்ஸுக்குள் கிடந்து வெளுத்து ஊறிய கால்.

இங்கே வழக்கம் வேறு. ஃபாதர் முதல் ஆளின் காலைக் கழுவுவார். அந்த ஆள் எழுந்து அடுத்தவர் காலைக் கழுவ வேண்டும். அவர் அதற்கடுத்தவருக்கு. ஃபாதர் அதை விளக்கிச் சொல்லும்போது அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் எது சொன்னாலும் அவர் அப்படித்தான் ஆட்டுவார்.

செம்பும் கிண்ணமும் ஒவ்வொருவராகக் கை மாறி வந்தன. மாரீன் தன் முறை வந்ததும் இறங்கி அப்பாவின் வலது காலைக் கழுவித் துடைத்தாள். ஏற்கனவே பளபளத்த கால். பிறகு செம்பை அவர் கையில் கொடுத்தாள். அப்பாவுக்குப் புரியவில்லை. முருகேசனின் காலைக் காட்டினாள். புரிந்தது.

நான் நாலாவது வரிசையில் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் இருபது வருஷமும் அந்தச் செம்பில் இருந்தது. கழுவிவிடுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்தோணியாரை, அம்மாவை, சமையலறை முருகனை, எல்லாரையும் கூப்பிட்டேன். ஒரு கை தண்ணீர்தான். ஊர்க்காரன் ஒருத்தன்கூட பார்க்கப்போவதில்லை.

அப்பா செம்பைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முட்டி மடங்காது. நீ" என்று மாரீனிடம் சொன்னார், தமிழில். அன்று காலையில் அதே முட்டியை மடக்கிச் சிலுவைப் பாதை முழுக்க முழங்கால் போட்டவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். பக்தி நம் ஆட்களுக்கு எப்போதெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

முருகேசன் நீட்டிய காலோடு உட்கார்ந்திருந்தார். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. மாரீன்தான் மறுபடி இறங்கினாள். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வருஷம் ஆகாதவள், ஒவ்வொரு முட்டியாக மெதுவாக மடக்கி இறங்கி, அவர் காலைக் கையில் ஏந்திக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். அகதிகள் வேண்டாம் என்று அட்டை பிடித்த அதே கை. அவளைத் தொடர்ந்து வெறுக்கும் வசதியையும் அந்த வியாழக்கிழமை எனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டது.

காரில் வீடு திரும்பினோம். பாதி வழியில் அப்பா சொன்னார், "ஏத்தா, ஞானஸ்நானம் வாங்காத ஆளுக்குக் கழுவக் கூடாது. சட்டம் அப்புடி. அதுக்குத்தான்." எந்தச் சட்டம் என்று கேட்டேன். ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்தார்.

6

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்தது. ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோவில் வேலை பார்க்கும் உபதேசியார், கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர், சேவியர், எல்லாரும் கோவில் வாசலில் நின்று ஒரே போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக் கிடைத்துவிட்டது.

"இங்க சனங்களப் பாத்தா அசந்துருவீக. வெளியாளு, உள்ளாளுன்னு வித்தியாசமே கெடையாது. அம்புட்டுப் பேரையும் சேத்துக்கிறாக. பெரிய வியாழனுக்கு இங்க ஒருத்தரு கால் கழுவுனா, அவரு எந்திரிச்சு அடுத்த ஆளுக்குக் கழுவணும். எனக்கு அடுத்தாப்புல நம்ம மருமகனையே ஒக்கார வச்சுக் கால் கழுவுனாகன்னா பாத்துக்கங்க. இந்து ஆளு! நம்ம மதம் மாதிரி வருமாய்யா?"

மருமகன். நான் குழம்புச் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க இருபது வருஷம் காத்திருந்தேன். அது மதத்தைப் பீற்றிக்கொள்ள ஒரு சாட்சியாகத்தான் வந்தது. இவ்வளவு அசிங்கமாக வரும் என்று நினைக்கவில்லை.

உபதேசியார் ஏதோ பொறி தட்டியவராக, "அடுத்தடுத்த ஆளு கழுவணும்னு சொன்னீகளே, அப்ப மருமகனுக்கு நீங்களா கழுவுனீக, நாட்டாமை?" என்று கேட்டார்.

அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. உண்மையைச் சொல்லவே வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த முருகேசன் அந்தத் துண்டோடு வந்து, சோபாவுக்குப் பின்னால் குனிந்து, போனுக்கு முகம் காட்டினார்.

"ஆமாங்க. மாமாதான் கழுவுனாரு."

அந்தப் பக்கம் 'அட' என்று ஒரு சத்தம். சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உபதேசியார் "அல்லேலூயா" என்றார். அப்பா ஒரு நொடி தலையைக் குனிந்தார். வெட்கம் வந்துவிட்டது என்று நம்பினேன். நிமிர்ந்து, "ரெண்டு காலையும்" என்றார்.

நான் சட்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். முருகேசன் பின்னாலேயே வந்தார்.

"எதுக்குங்க அப்புடி ஒரு பொய்? அந்த மனுசனக் காப்பாத்தி ஒங்களுக்கு என்ன ஆகணும்?"

"நான் எங்க காப்பாத்துனேன்? மாட்டிவிட்டுருக்கேன்" என்றார். "இன்னிக்கே ஊரு பூராப் பரவிரும். வர்ற மே மாசம் போறோம்ல. கால் கழுவிவிட்ட மருமகன ஆட்டோலயே வச்சுத் திருப்பி அனுப்ப முடியுமா ஒங்கப்பாவால? உபதேசியாரே வந்து கையப் பிடிச்சுப் படியேத்துவாரு, பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் நிறுத்திவைத்த வாசல். அதற்குள் போக ஒரு பொய், அதுவும் அவருக்காக இவர் சொல்லும் பொய்.

"அந்த வீட்டுக்குள்ள போக அம்புட்டு ஆசையா ஒங்களுக்கு? அங்க என்ன வச்சிருக்கு?"

"எனக்கு ஒண்ணும் வைக்கல ஜெசி" என்றார். துண்டை மடித்தார். "ஒவ்வொரு தடவையும் நான் ஆட்டோவத் திருப்பையில, நீ உள்ள போகாம படியிலயே நிப்ப. தெரு முக்குத் தாண்டுறவரைக்கும் நின்னு பாத்துட்டே இருப்ப. அதத்தான் என்னால பாக்க முடியல."

எல்லாரையும் ஏசி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவரிடமிருந்து துண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். உள்ளே அப்பா அடுத்த ஆளுக்குப் போன் போட்டு, அதே கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.